மாமரத்தடியில் நின்றுவிடும் டிராக்டர்

வரதராசா ஆளைக் கூப்பிட்டுப் பேசுகிற மனிதர் இல்லை. தேநீர் வேண்டுமென்றால் புல்வெட்டும் டிராக்டரை மாமரத்தடியில் நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். காலையிலிருந்து மைதானம் முழுக்க இரைந்துகொண்டிருந்த எஞ்சின் சட்டென்று அடங்கும். அது அடங்கியது காதில் பட்டதும், மறுபக்கத்துத் தேநீர் அறையில் நிற்கும் அவருடைய மனைவி பத்மாவதி கேத்திலை அடுப்பில் வைப்பார். பிறகு ஒரு கையில் வெறுந்தேநீர்க் கிளாசும் மறுகையில் ஒரு துண்டு பனங்கட்டியுமாக, எல்லைக்கோட்டை ஒட்டி நடந்து போவார். குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார். இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் கதைப்பதில்லை. கிளாஸ் திரும்பி வரும்போது எஞ்சின் மறுபடி இரையத் தொடங்கிவிடும்.

நான் இந்தக் கிரிக்கெட் கழகத்தின் அலுவலகத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் இது எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரான முழங்காவில் பக்கம் ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் வேலிக்கு மேலால் தொண்டை கிழியக் கத்துவோம். டிராக்டர் பழுதாகித்தான் நிற்கிறதென்று நினைத்து, முதல் நாள் உதவிக்கு ஓடிப்போனேன். வரதண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உமக்கும் தேத்தண்ணியோ?" என்று கேட்டார்.

அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து பாமன்கடைக்குப் போகிற பக்கம், வாய்க்காலை ஒட்டியபடி இருக்கிறது எங்கள் மைதானம். சுற்றிவர மாடிவீடுகள் எழும்பி, நடுவில் இந்தப் பச்சை மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது. டிராக்டர் என்றால் வயல் உழுகிற பெரிய சாமான் இல்லை. ஒருவர் ஏறி இருந்து ஓட்டுகிற, வயிற்றுக்கடியில் கத்தி சுழலுகிற சின்ன வண்டி. கழகத்துக்கு வரும்போதே பழசு. ஒரு காலத்துச் சிவப்பு இப்போது வெளிறித் தோடம்பழ நிறமாகிவிட்டது. வரதண்ணை கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். இளவயதிலேயே இந்த மைதானத்தைப் பராமரிக்கும் வேலைக்கு வந்தவர். நல்ல பாரமான உடம்பு. அவர் ஏறி இருந்தால் வண்டி ஒருமுறை குனிந்து நிமிரும்.

பத்மாவதியின் கதை வேறு. அவர் இங்கே தங்க வந்தவரே இல்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டு, கரவெட்டியிலிருந்து பல பாடுபட்டுக் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது வெள்ளவத்தை அவருக்கு ஒரு தரிப்பிடம் மட்டும்தான். சுவிஸில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுக்க, ஒரு லொட்ஜின் மூன்றாம் மாடி அறையில் தாயோடு காத்துக் கிடந்தார். அந்தக் காலத்தில் வெள்ளவத்தை லொட்ஜுகள் முழுக்க இப்படிக் காத்துக் கிடந்தவர்கள்தான். அவருடைய அறை யன்னல் இந்த மைதானத்தைப் பார்த்தபடி இருந்தது.

"கடலும் தெரியாது, காலி வீதியும் தெரியாது தம்பி," என்று ஒருமுறை எனக்குச் சொன்னார். "யன்னலைத் திறந்தால் இந்தக் கிரவுண்டும் இந்த மனிசனும்தான். வேற பாக்க என்ன கிடந்தது?"

"பாத்துப் பாத்துப் பிடிச்சுப்போச்சோ அக்கா?"

"சீ, சும்மா இரும். ஒரு நாள் மழை. மனிசன் வரேல்ல. எனக்கு அண்டைக்குச் சாப்பாடு இறங்கேல்ல. அப்பதான் எனக்கே தெரிஞ்சது."

சுவிஸ் மாப்பிள்ளை கடைசியில் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். செய்தி வந்தபோது தாய் அழுதாராம். மகள் யன்னலைத் திறந்து வைத்தாராம். அடுத்த வருடம் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கோயிலில் கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் பிறக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறை; விடிந்தால் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வருவார்கள். அவர் புல் வெட்டுவார், இவர் தேநீர் அறையைப் பார்ப்பார். புதிதில், மைதானத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து, மனைவிக்கு டிராக்டர் ஓட்டக்கூடப் பழக்கினாராம். "நல்லா ஓடினனான்," என்று சொல்லும்போது பத்மாக்காவின் முகத்தில் ஒரு குறும்பு வரும்.

போன வருடம் ஐப்பசி மாதம், ஒரு பின்னேரம், எஞ்சின் மாமரத்தடியில் நின்றது. பத்மாக்கா வழக்கம்போல் தேநீர் ஊற்றி, பனங்கட்டி எடுத்துக்கொண்டு போனார். வரதண்ணை ஸ்டியரிங்கின் மேல் சரிந்து கிடந்தார். நாங்கள் ஓடிப் போனபோது பத்மாக்கா கிளாசைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார். அம்புலன்ஸ் வந்தது, ஆனால் வந்து ஒன்றும் செய்ய இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சில நாட்களில் பத்மாக்கா அலுவலகத்துக்கு வந்தார். கழகச் செயலாளர் கதிர்காமநாதன் ஐயா, வங்கியொன்றில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், மேசையடியில் இருந்தார்.

"ஐயா, அவற்ற வேலைய நான் பாக்கிறன்."

"எந்த வேலை?"

"கிரவுண்ட் வேலைதான். புல்லு வெட்டுறது, பிச்சுக்குத் தண்ணி விடுறது, கோடு அடிக்கிறது. எல்லாம் பாத்துப் பழகினதுதானே."

ஐயா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "பொம்பிளையள் செய்யிற வேலை இல்லையே இது," என்றார் கடைசியில்.

"டிராக்டருக்கு அது தெரியாது ஐயா," என்றார் பத்மாக்கா.

அந்தப் பதிலுக்காகவே ஐயா சம்மதித்திருக்க வேண்டும். கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார்.

ஆனால் டிராக்டருக்குத் தெரிந்ததுபோல்தான் நடந்தது.

மிதிகட்டையை அமர்த்திக்கொண்டு சாவியைத் திருப்பினால் வண்டி உடனே ஸ்டார்ட் வரும். அதில் குறையில்லை. காலை எடுத்து, கத்தியைச் சுழலவிட்டால் சிலவேளை அந்த இடத்திலேயே அணைந்துவிடும். சிலவேளை மூச்சுப் பிடித்தபடி மாமரம்வரை போகும். மாமரத்தடியில் நிச்சயம் நிற்கும். ஒரு நாளும் அதைத் தாண்டியதில்லை.

அணியின் கப்டன் நிரோஷன்தான் முதலில் பகிடியாகத் தொடங்கினான். "வரதண்ணை விடுறாரில்லை அக்கா. தன்ர சீட்டில வேற ஆளை இருக்க விடமாட்டார்." மற்றப் பெடியன்கள் சிரித்தார்கள். பத்மாக்காவும் சிரித்தார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை டிராக்டரின் முன்சில்லுக்குக் கீழே ஒரு தேசிக்காய் நசிந்து கிடந்தது. பொனற்றில் சந்தனப் பொட்டு.

தேசிக்காயும் பலிக்கவில்லை. வண்டி மாமரத்தடியில் நின்றது. பத்மாக்கா இறங்கினார். பழுது பார்க்க ஆளைக் கூப்பிடுவார் என்று நான் நினைக்க, அவர் நேரே தேநீர் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கிளாசும் பனங்கட்டியுமாகத் திரும்பிப் போய், மாமரத்தின் வேரில் வைத்துவிட்டு வந்தார்.

நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"அவர் கேக்கிறார் தம்பி. பின்ன என்ன செய்யிறது?"

அன்றிலிருந்து வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் மாமரத்துக்குத் தேநீர் போனது. வண்டி ஓட வேண்டும் என்றுதான் அவர் ஒவ்வொரு நாளும் ஏறினார், அதில் பொய்யில்லை. அணைந்தபோது அவருடைய முகத்தில் வந்ததை ஏமாற்றம் என்று முழுதாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

வயர் பார்க்க ஆள் பிடித்தது நான்தான். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கம் மர்ஸூக் நானா முச்சக்கரவண்டிகளுக்கு வயரிங் செய்கிறவர். வரதண்ணையைத் தெரிந்தவரும்கூட. தன்னுடைய முச்சக்கரவண்டியிலேயே ஒரு சாக்குப் பை நிறைய இரும்புச் சாமான்களோடு வந்து இறங்கினார்.

"எங்க நோயாளி?" என்று கேட்டார்.

பத்மாக்கா டிராக்டரின் சீட்டில் இருந்தவர், அவரைக் கண்டதும் இறங்கிச் சேலையைச் சரிசெய்து ஒதுங்கி நின்றார். "வாங்கோ தம்பி. பாத்துக்கொண்டிருங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்," என்று சொல்லிவிட்டுப் போனார். வேலைக்கு வந்தவரை வெறும் வாயோடு விடக்கூடாது. ஓர் ஆம்பிளை வேலை செய்கிற வண்டியில் தான் ஏறி இருக்கவும் கூடாது. இரண்டும் அவருக்கு மூச்சு விடுவதுபோல் இயல்பாக வருகிற மரியாதைகள்.

மர்ஸூக் நானா பெட்டரியின் முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். பியூசைக் கழற்றி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். ஒரு சின்ன பல்பில் இரண்டு வயர் கட்டி வைத்திருந்தார். அதை இங்கே தொட்டு அங்கே தொட்டு, எரிகிறதா எரியவில்லையா என்று பார்த்தபடி வண்டியைச் சுற்றினார். எர்த் வயர் துருப்பிடித்திருந்தது. சுரண்டிப் பூட்டினார். பிறகு ஏறி இருந்து, கத்தியைச் சுழலவிட்டு, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மாமரத்தடியால் போனார். வண்டி இருமக்கூட இல்லை.

"எர்த்துதான். இனி குதிர மாதிரி ஓடும்," என்றார்.

தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். பின்னேரம் பத்மாக்கா ஏறினார். மாமரத்தடியில் நின்றது.

இரண்டாம் முறை வந்தபோது சாவி போடுகிற சுவிட்சையே மாற்றினார். மறுபடி அவரே ஏறி ஓட்டிப் பார்த்தார். என்னையும் ஏற்றினார். நான் ஓட்டியபோதும் ஒழுங்காக ஓடியது. திரும்பி வரும்போது மர்ஸூக் நானா மாமரத்து வேரில் இருந்த கிளாசை எடுத்துக் குடித்துவிட்டு, வாய் துடைத்துக்கொண்டு வந்தார்.

"டீ ஆறிப் பொய்த்து அக்கா. ஆனா நல்லா ஈக்கி."

பத்மாக்கா திகைத்துப்போனார். "ஐயோ, அதையோ குடிச்சனீங்கள்?"

"ஏன், எனக்கு வெச்சது இல்லயா?"

"அது... வேற ஆளுக்கு வச்சது."

"யாருக்கு?"

நான் மர்ஸூக் நானாவைத் தனியே கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. "மௌத்தான மனுசன்ட டீயவா நான் குடிச்ச?" என்று தலையில் கை வைத்தார். பிறகு தன்னையே தேற்றிக்கொண்டார். "வரதண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டார். எனக்கு எத்தன நாள் அவரே வாங்கித் தந்தீக்கார்."

அன்றைக்கும் அவர் போன பிறகு வண்டி நின்றது.

கதிர்காமநாதன் ஐயாவின் பொறுமை அதோடு முடிந்தது. புல் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை பழைய அங்கத்தவர்களின் மாட்ச். கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இரத்மலானைப் பக்கம் ஒரு கூட்டம் புது மிஷின்களோடு ஒப்பந்தத்துக்குப் புல் வெட்டித் தருகிறதாம்.

"பத்மா, நான் ஒண்டும் சொல்லேல்ல," என்றார் அலுவலகத்தில். "கொமிட்டி கேக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள உம்மால வெட்ட ஏலுமெண்டால் வெட்டும். இல்லாட்டி அந்த ஆக்களுக்குக் குடுத்திட்டு, உந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். நீர் பழையபடி தேத்தண்ணி அறையைப் பாரும்."

"வண்டியைப் போடப்போறியளோ?"

"பின்ன? ஓடாத வண்டியை வச்சுக்கொண்டு என்ன செய்யிறது?"

பத்மாக்கா வெளியே வந்து படியில் இருந்தார். "எனக்கு அந்தச் சீட்டில இருந்து ஒருக்கா, ஒரே ஒருக்கா, முழுக் கிரவுண்டையும் சுத்தி வந்தாப் போதும் தம்பி," என்றார். "அவர் ஒவ்வொரு நாளும் என்னத்தைப் பாத்துக்கொண்டு சுத்தினவர் எண்டு நானும் பாக்க வேணும். தேத்தண்ணி அறையில இருந்து பாத்தா அவற்ற முதுகுதான் தெரியும். அங்க இருந்து பாத்தா என்ன தெரியுமெண்டு எனக்குத் தெரியாது."

வியாழக்கிழமை மர்ஸூக் நானாவை மூன்றாம் முறை கூப்பிட்டேன். "டிகிரி, நீங்க என்ன நிம்மதியா இருக்க விட மாட்டீங்க," என்று போனில் திட்டினார். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்பதை ஒருமுறை பெருமையாகச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். திட்டினாலும் வந்தார். இந்த முறை சோதித்துப் பார்க்கவென்று வேறொரு பெட்டரியும் கொண்டுவந்தார். பெட்டரியை மாற்றி, மொத்த வயரையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஏறி ஓட்டினார். ஓடியது.

"ஒரு கொறயும் இல்ல!" என்று எரிச்சலோடு பையைக் கட்டினார். "நான் ஓட்டினா ஓடுது. டிகிரி ஓட்டினா ஓடுது. என்னத்த நான் பாக்க?"

அப்போதுதான் மழை பிடித்தது. வாய்க்கால் பக்கமிருந்து ஒரே இருட்டாக வந்து கொட்டியது. மர்ஸூக் நானாவுக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. "ஹரி, ஹரி மல்லி, தென் என்னங்" என்று சிங்களத்தில், இதோ வருகிறேனென்று யாருக்கோ சமாதானம் சொல்லியபடி கழக மண்டப வாசலுக்கு ஓடினார். டிராக்டர் திறந்த மூடியோடு நனைந்தது.

"வயரெல்லாம் தண்ணி போகப்போகுது!" என்று பத்மாக்கா குடையைக்கூட விரிக்காமல் தேநீர் அறையிலிருந்து இறங்கி ஓடினார். மூடியை அடித்துச் சாத்தினார். ஏறி இருந்தார். நான் பின்னால் ஓடிப்போய், புல்லில் கிடந்த சாமான் பையையும், நனையக்கூடாதே என்று தூக்கி அவருடைய மடியில் வைத்தேன். கழற்றிய பெட்டரியும் அதற்குள்தான் இருந்தது. எனக்குத் தூக்கவே கை நொந்தது.

"ஐயோ, என்ன பாரமடா இது!" என்றார். வண்டி நிறுத்துகிற கொட்டில் மைதானத்தின் மறுகோடியில். மழையில் கிட்டப்பாதை என்று மாமரத்தடியால்தான் போக வேண்டும்.

போனார்.

மாமரத்து வேர்களின் மேல் வண்டி குலுங்கி ஏறி இறங்கியது. நிற்கவில்லை. கொட்டிலுக்குள்ளே போகும்வரை எஞ்சின் சத்தம் மழைக்குள்ளால் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் கொட்டிலுக்கு ஓடிப்போனேன். பத்மாக்கா பையை மடியில் வைத்தபடி, கை இரண்டும் ஸ்டியரிங்கில், அப்படியே இருந்தார். "தாண்டிட்டுது தம்பி," என்றார். குரல் கீச்சிட்டது. "மாமரத்தைத் தாண்டிட்டுது."

மர்ஸூக் நானாவும் வந்து சேர்ந்தார். பையைத் தூக்கிக் கீழே வைத்தார். "இப்ப ஒருக்கா வெளிய எடுங்க பாப்போம்."

பத்மாக்கா மறுபடி ஸ்டார்ட் செய்தார். காலை எடுத்ததும் அணைந்தது.

மர்ஸூக் நானா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து பையை எடுத்து, மறுபடி அவருடைய மடியில் வைத்தார். "இப்ப."

ஓடியது.

"யா அல்லாஹ்!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். "அக்கா, நான் மூணு தரம் வந்த. மூணு தரமும் நீங்க எறங்கி எனக்கு டீ ஊத்தப் போன. ஒரு தரம், ஒரே ஒரு தரம் நீங்க இருந்து நான் பாத்தீக்கேனா?"

சீட்டை நிமிர்த்திக் காட்டினார். அதற்கடியில் கட்டைவிரல் அளவு ஒரு சுவிட்ச். ஓட்டுகிறவரின் பாரத்தில் சீட் கீழே அமர்ந்தால் அது அமரும், எஞ்சின் ஓடும். ஆள் எழும்பினால் சுவிட்ச் விடுபடும், மிதிகட்டையில் கால் இல்லையென்றால் எஞ்சின் அணையும். கத்தி சுழலும்போது யாரும் இறங்கி விரலை வெட்டிக்கொள்ளக் கூடாதென்று செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் சீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது வண்டியோடு வந்த சுருள்கம்பி இல்லை. தடித்த, கறுத்த, வேறொன்று.

"இது த்ரீவீலர்ட ஸ்ப்ரிங்," என்றார் மர்ஸூக் நானா. "யாரு போட்ட இத?"

"அவர்தான்," என்றார் பத்மாக்கா. "மூண்டு நாலு வருசமிருக்கும். சீட் கீழ பதிஞ்சுபோச்செண்டு ஒரு ஞாயிறு முழுக்க இருந்து தட்டினவர்."

"அவருட பாரத்துக்கு இது சரி. எனக்கும் சரி. டிகிரிக்கு மட்டுமட்டாச் சரி. நீங்க குருவி மாதிரி. ஒங்கள்ட பாரம் இதுக்கு எங்க காணும்? அதிலயும் அந்த வேருல ஒரு துள்ளு துள்ளினா சீட்டோட மேல வந்துடுவீங்க. அதான் அங்க நிக்கிது." பெரிய வேலையொன்றை முடித்த சந்தோஷத்தில் அவர் சிரித்தார். "வரதண்ணனும் இல்ல, ஜின்னும் இல்ல. ஸ்ப்ரிங்கு!"

பத்மாக்கா சிரிக்கவில்லை. அந்தச் சின்னச் சுவிட்சை விரலால் ஒருமுறை அமர்த்தி விட்டார். டிக் என்றது.

"அப்ப அவர் ஒண்டும் கேக்கேல்லையோ?" என்றார் மெல்ல.

மர்ஸூக் நானா என்னைப் பார்த்தார்.

"தம்பி," என்று பத்மாக்கா அவரிடமே கேட்டார், "ஆள் எழும்பினாத்தான் நிக்குமோ? இருந்தபடி சரிஞ்சாலும் நிக்குமோ?"

"ஓ அக்கா. முன்னுக்குச் சரிஞ்சாலும் நிக்கும். சீட்ட விட்டுப் பாரம் போனாச் செரி, நிக்கும்."

எனக்கு அவர் கேட்டது விளங்கிவிட்டது. மர்ஸூக் நானாவுக்கு விளங்கவில்லை; அவர் அன்றைக்கு அங்கே இருக்கவில்லையே. அந்த ஐப்பசிப் பின்னேரம் எஞ்சின் நின்றதும் பத்மாக்கா கேத்திலை வைத்தார், பனங்கட்டி உடைத்தார், கிளாஸ் தளும்பாமல் மெல்ல நடந்து போனார். கடைசியாக ஒருதரம் அவர் தன்னைக் கூப்பிட்டார் என்பதைத்தான் இத்தனை நாளும் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கும் அவர் கேக்கேல்ல," என்றார். எங்களுக்குச் சொன்னதாக எனக்குப் படவில்லை.

மர்ஸூக் நானா பையிலிருந்து குறடொன்றை எடுத்தார். "அக்கா, லேசான வேல. இந்த ரெண்டு வயரையும் முறுக்கி டிரெக்ட் குடுத்துர்ரேன். சுவிட்சே தேவல்ல. ஆள் இருந்தாலும் ஓடும், இல்லாட்டியும் ஓடும்."

"வேண்டாம்."

"எல்லாரும் அப்பிடித்தான் செய்ற."

"வேண்டாம் தம்பி. நிக்க வேண்டிய நேரத்தில அது நிக்கட்டும்."

"அப்ப இந்த ஸ்ப்ரிங்கக் கழட்டணும். லேசானதொண்ணு போடணும்." குறடு சுருள்கம்பியின் மேல் இருந்தது. "கழட்டவா?"

பத்மாக்கா நசிந்த அந்தச் சீட்டில், வரதண்ணையின் உடம்பு பதிந்து பதிந்து விழுந்திருந்த பள்ளத்தில் கை வைத்தபடி நின்றார். பையை மடியில் வைத்துக்கொண்டே ஓட்டலாமே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவும் வாய் எடுத்தேன். அதற்குள் அவர் கையை எடுத்துவிட்டார்.

"கழட்டுங்கோ," என்றார்.

கழற்றிய கம்பியை மர்ஸூக் நானா பைக்குள் போட்டுக்கொண்டார். பத்மாக்கா அதைத் தரச்சொல்லிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மழை விட்டு நல்ல வெயில். நான் அலுவலக யன்னலடியில் கணக்குகளை வைத்துக்கொண்டு இருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை. எஞ்சின் தொடங்கியது. பத்மாக்கா சேலைக்கு மேலால் வரதண்ணையின் நீலச் சட்டையைப் போட்டிருந்தார். முதல் வரி கொஞ்சம் கோணலாகப் போனது. இரண்டாவது அதைவிடப் பரவாயில்லை. மாமரத்தடிக்கு வந்தபோது வண்டி வேகம் குறைந்ததுபோல் இருந்தது. வேர்களின் மேல் குலுங்கியது. தாண்டியது. திரும்பி வந்து மறுபடி தாண்டியது. இப்படி எத்தனை தரமோ. ஈரப்புல்லின் வாசம் அலுவலகத்துக்குள்ளே வந்து நிறைந்தது. மாடிவீட்டு பல்கனிகளில் இரண்டொருவர் வந்து எட்டிப் பார்த்தார்கள். பத்மாக்கா ஒவ்வொரு முறையும் அந்தக் கோடியில் தலையைத் திருப்பித் தேநீர் அறைப் பக்கம் பார்ப்பதை நான் கண்டேன். அங்கே அடுப்பு எரியவில்லை. வாசலில் யாரும் இல்லை.

கதிர்காமநாதன் ஐயா மத்தியானம் வந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "வரி கொஞ்சம் வளைஞ்சுதான் கிடக்கு," என்றார். பிறகு என்னிடம், "இரத்மலானைக்காரருக்குப் போன் பண்ணி வரவேண்டாமெண்டு சொல்லும்," என்றார்.

நான் அந்தச் செய்தியோடு கொட்டிலுக்குப் போனேன். பத்மாக்கா கத்தியில் ஒட்டிய புல்லைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பச்சைத் துகள். வேலை நிலைத்துவிட்டது என்று சொன்னேன். தலையாட்டினார்.

"எப்பிடி அக்கா இருந்தது? என்ன தெரிஞ்சது அங்கயிருந்து?"

"தேத்தண்ணி அறை தெரியுது தம்பி," என்றார். "எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கதவடி தெரியுது. நான் நிக்கிற இடம்."

குச்சியைப் போட்டுவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

"நல்லா ஓடிச்சுது. மாமரத்தடிக்கு வர வர, இப்ப நிக்கும், இப்ப நிக்குமெண்டு பாத்தன்." பிறகு மாமரத்தின் பக்கம் திரும்பினார். "ஒருக்காவும் நிக்கேல்ல."